ஸ்டவர்ஹெட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

"மே மாதக் கடைசியில் அம்மா அப்பாவோடு லண்டன் வருகிறோம். ஸ்டோன்ஹெஞ்ச் போகிற நாளில் பக்கத்திலிருக்கும் ஸ்டவர்ஹெட் தோட்டத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். படத்தில் பார்த்தால் ஓர் ஏரி, ஒரு பாலம், புல்வெளி, அவ்வளவுதான். ஊட்டியும் கொடைக்கானலும் பார்த்தவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது? ஒரு மணி நேரம் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது நேரக் கணக்கு. ஆனால் உள்ளே இருக்கிற சந்தேகம் வேறு என்று நினைக்கிறேன்: மரமும் தண்ணீரும் பார்க்க டிக்கெட் எடுத்து அவ்வளவு தூரம் போக வேண்டுமா? நியாயமான சந்தேகம்தான். நானும் முதல் தடவை அதே நினைப்போடு போய், ஐம்பது நிமிடத்தில் ஏரியைச் சுற்றி முடித்து, டீ குடித்துவிட்டுத் திரும்பியவன்.

என் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்பதற்காக என்னைப் பற்றி இரண்டு வரி. கோவையில் தோட்டக்கலை படித்தேன். பதினைந்து வருடமாக இங்கிலாந்தின் தென்மேற்கில் பழைய எஸ்டேட்களில் மரங்களைப் பராமரிக்கிற வேலை. ஸ்டவர்ஹெட்டில் வேலை பார்த்ததில்லை. பார்வையாளனாக எல்லாப் பருவத்திலும் போயிருக்கிறேன். மண், மரம், தண்ணீர் பற்றிச் சொல்வதைத் தைரியமாகச் சொல்வேன். கலை வரலாறு எனக்குப் படித்தும் கேட்டும் வந்தது. அதில் அறிஞர்களே ஒத்துப்போகாத இடம் ஒன்று இருக்கிறது, அங்கே வரும்போது சொல்லிவிடுகிறேன். இன்னொன்று, எஸ்டேட் என்றதும் நமக்குத் தேயிலைதான் ஞாபகம் வரும். இங்கே அது ஒரு பணக்காரக் குடும்பத்தின் மாளிகை, தோட்டம், மேய்ச்சல் நிலம், காடு, குத்தகைப் பண்ணைகள், சில சமயம் ஒரு கிராமம் எல்லாம் சேர்ந்த சொத்து. ஸ்டவர்ஹெட் இன்றைக்கும் சுமார் 2,650 ஏக்கர்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஏரி இயற்கையாக வந்ததில்லை. அங்கே இருந்தது ஒரு பள்ளத்தாக்கு, சில ஊற்றுகள், பழைய மீன் குளங்கள். ஸ்டவர் ஆறு பிறக்கிற இடம் என்பதால்தான் அந்தப் பெயர். நாம் தலைக்காவேரி என்கிறோமே, அது மாதிரி. ஹோர் என்ற லண்டன் வங்கிக்காரக் குடும்பம் 1717-இல் இந்த நிலத்தை வாங்கியது. அவர்கள் 1672-இல் தொடங்கிய வங்கி இன்னும் நடக்கிறது. வாங்கியவர் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புது மாளிகை கட்டினார். தோட்டம் போட்டது அவருடைய மகன் ஹென்றி ஹோர். 1743-இல் மனைவி இறந்தார். அடுத்த வருடம் பள்ளத்தாக்கில் முதல் கட்டடத்தைத் தொடங்கினார். பிறகு 1754 வாக்கில் பள்ளத்தாக்கின் தென்மேற்கு வாயில் ஒரு மண் கரை எழுப்பித் தண்ணீரைத் தேக்கினார். நம் ஊர் ஏரிக்கரை மாதிரியேதான், வேலை ஒன்று, நோக்கம்தான் வேறு. நீங்கள் நடக்கிற பாதை ஓரிடத்தில் அந்தக் கரையின் மேலேயே போகும். அங்கே நின்று ஏரிக்கு முதுகைக் காட்டி மறுபக்கம் எட்டிப் பாருங்கள். நிலம் எவ்வளவு கீழே இருக்கிறது, எவ்வளவு தண்ணீரை அந்த மண் தாங்கி நிற்கிறது என்று அப்போதுதான் உறைக்கும். பெரும்பாலானவர்கள் ஏரிப் பக்கம் மட்டும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஊட்டியைச் சொன்னீர்கள், ஊட்டி ஏரியும் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் ஓடையைத் தடுத்து உண்டாக்கியதுதான்.

ஏரி மட்டுமில்லை, அங்கே கண்ணில் படுகிற ஏறக்குறைய எல்லாமே வைத்தது. எந்த மரம் எதை மறைக்க வேண்டும், எந்த வளைவில் எது முதலில் தெரிய வேண்டும் என்று யோசித்து வைத்தது. அதனால் ஸ்டவர்ஹெட்டைப் பூங்காவாக நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். ஒரு தெருக்கூத்தை மேடை மேடையாக நடந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டு போனால் பிடி கிடைக்கும்.

ஹோர் தன் விருந்தாளிகளை மாளிகையிலிருந்து மரங்களுக்கு நடுவே இறக்கி, ஏரியைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வைத்தார். முதலில் ஃபுளோரா கோயில், தூண்கள் வைத்த சின்னக் கட்டடம். கோயில் என்றால் சாமி கும்பிட இல்லை, ரோமாபுரிக் கோயிலைப் பார்த்துக் கட்டிய இளைப்பாறும் மண்டபம். அங்கிருந்து தண்ணீருக்கு அக்கரையில் குவிமாடத்தோடு பெரிய கட்டடம் ஒன்று தெரியும். அதுதான் பாந்தியன், ரோமில் இருப்பதன் குட்டி வடிவம். 1753-54-இல் கட்டியது, ஹென்றி ஃபிளிட்கிராஃப்ட் என்ற கட்டடக் கலைஞரின் வேலை. சரி, அங்கே போகலாம் என்று நடந்தால் மரங்கள் அதை மறைத்துவிடும். கொஞ்ச தூரம் போனதும் பாதை கீழே இறங்கி, கரடுமுரடான கல் அடுக்கிய ஒரு குகைக்குள் கொண்டுபோய் விடும். உள்ளே இருட்டு, குளிர்ச்சி, தண்ணீர்ச் சத்தம். கண் பழகியதும் ஊற்றுக்கு மேலே ஒரு நீர்த்தேவதை சாய்ந்து தூங்குவது தெரியும். தரையில் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் எழுதிய நான்கு வரி: மெல்லக் காலடி வை, அவளை எழுப்பிவிடாதே என்பது சாரம். இடப்பக்கம் திரும்பினால் பாறையில் ஜன்னல் மாதிரி ஓர் ஓட்டை. அதன் வழியே ஏரி கிட்டத்தட்ட நீர்மட்டத்திலேயே தெரியும். இவ்வளவு நேரம் மேலிருந்து பார்த்த தண்ணீரைத் திடீரென்று தவளையின் கண்ணால் பார்க்கிறீர்கள். அப்புறம் ஆற்றுத் தெய்வம் ஒன்று கை நீட்டி உட்கார்ந்திருக்கும். படியேறி வெளிச்சத்துக்கு வந்து கொஞ்சம் நடந்தால், தொலைத்துவிட்ட பாந்தியன் எதிரில் நிற்கும். உள்ளே மைக்கேல் ரிஸ்பிராக் செதுக்கிய ஹெர்குலிஸ்.

பாந்தியன் படியில் உட்கார்ந்து வந்த திசையைத் திரும்பிப் பாருங்கள். எதிர்க்கரையில் ஐந்து வளைவு வைத்த கல் பாலம், அதற்குப் பின்னால் உயரமான ஒரு பழைய சிலுவைத் தூண், கிராமத்து வீடுகள், தேவாலயக் கோபுரம். பாலத்தின் மேல் புல் வளர்ந்திருக்கும். அதைக் கடந்து போய்ச் சேர வேண்டிய இடம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. 1762-இல் ஹோர் தன் மகளுக்கு எழுதிய கடிதத்தில் காரணத்தை அவரே சொல்கிறார்: பாந்தியனிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஆறு கிராமத்தின் வழியாக ஓடி வருவது போலவும், அது ஊர்ப் பாலம் போலவும் தோன்ற வேண்டும், காஸ்பார் தீட்டிய ஓவியம் மாதிரி இருக்கும். நிலக்காட்சி வரைந்து பேர் வாங்கிய காஸ்பார் டூகேயைச் சொல்கிறார். ஆக, பாலம் ஒரு செட்டிங். அந்தச் சிலுவைத் தூணின் கதை இன்னும் வேடிக்கை. பிரிஸ்டல் நகரத்தின் நடுவில் பல நூறு வருடம் நின்றது. போக வர இடைஞ்சல் என்று ஊர்க்காரர்கள் கழற்றிப் போட்டுவிட்டார்கள். ஹோர் அதை 1760-களில் வண்டியேற்றிக் கொண்டுவந்து இங்கே நட்டார்.

இனிமேல் சர்ச்சைக்குரிய இடம். இணையத்தில் தேடினால் "ஸ்டவர்ஹெட் தோட்டம் என்பது வர்ஜிலின் ஈனியட் காவியத்தின் கதைதான், ஏரியைச் சுற்றுவது ஈனியாஸ் நாடு தேடிப் போன பயணம்" என்று முடிந்த முடிவாக எழுதியிருப்பார்கள். வர்ஜில் பழைய ரோமாபுரிக் கவிஞர், ஈனியாஸ் அவருடைய காவிய நாயகன். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லாமலில்லை. ஃபுளோரா கோயில் வாசலுக்கு மேலே, "விலகுங்கள், தீட்சை பெறாதவர்களே விலகுங்கள்" என்கிற லத்தீன் வரி இருக்கிறது. ஈனியாஸ் பாதாளத்துக்குள் இறங்குவதற்கு முன் காவியத்தில் வருகிற வரி. குகைக்குப் போகும் வழியைப் பற்றி எழுதும்போது, பாதாளத்துக்கு இறங்குவது சுலபம் என்ற வர்ஜிலின் இன்னொரு வரியை ஹோரே கடிதத்தில் போட்டிருக்கிறார். இதை வைத்து 1960-களிலிருந்து சில ஆய்வாளர்கள் தோட்டம் முழுவதையும் காவியமாக வாசித்தார்கள். மறுக்கிறவர்கள் சொல்வதும் வலுவானது. கட்டடங்கள் இருபது வருடத்துக்கும் மேலாக ஒவ்வொன்றாக எழுந்தவை, நடக்கும் வரிசையில் கட்டப்பட்டவை இல்லை. பிரிஸ்டல் சிலுவைக்கு ஈனியாஸ் கதையில் என்ன வேலை? ஒரு காலத்தில் அங்கே துருக்கிக் கூடாரம்கூட இருந்தது. பிற்பாடு பேரன் எடுத்துவிட்டார். என் கருத்து என்று கேட்டால், வர்ஜிலைப் பள்ளியில் மனப்பாடம் செய்த ஒருவர் பொருத்தமான இடத்தில் ஒரு வரியைச் சிரித்துக்கொண்டே போட்டிருக்கிறார், அவ்வளவுதான். குகைவரைக்கும் காவியம், அதற்கப்புறம் அவருக்குப் பிடித்ததெல்லாம். ஆனால் இது மரம் வெட்டுகிறவன் கருத்து. அம்மா அப்பாவிடம் கதையாகச் சொல்லிக் கூட்டிப்போனால் நன்றாகத்தான் இருக்கும், சொல்லுங்கள்.

சந்தேகமே இல்லாமல் தவறு என்று சொல்லக்கூடிய ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் அழகான ஏரித் தோட்டம் எதைப் பார்த்தாலும் "கேப்பபிலிட்டி" பிரௌன் செய்தது என்பார்கள். லான்சலாட் பிரௌன் நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட எஸ்டேட்களில் வேலை செய்த பெரிய ஆள்தான். பிளென்ஹைம் மாளிகை ஏரி அவருடையது. ஆனால் ஸ்டவர்ஹெட் அவர் கை பட்டதில்லை. பிரௌனின் பாணியில் இத்தனை மண்டபங்கள் வராது. புல், தண்ணீர், மரக்கூட்டம், போதும் என்பார். அந்த மாதிரி பூங்கா நிலங்களுக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். மாளிகை ஜன்னலிலிருந்து பார்த்தால் புல்வெளி தடையே இல்லாமல் ஓடி, தூரத்தில் ஆடு மேய்வது வரை தெரியும். ஆடு ஏன் வாசல் வரை வருவதில்லை? நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. மாளிகைப் பக்கம் செங்குத்தான சுவர், மேய்ச்சல் பக்கம் சரிவு. சுவரின் தலை தரைமட்டத்தோடு நின்றுவிடும், அதனால் வீட்டிலிருந்து பார்த்தால் வேலியே இல்லை. ஆச்சரியத்தில் "ஹா" என்று வாயைப் பிளப்பதால் அதன் பெயரே ஹாஹா. இரண்டு தடவை நான் அதில் விழப் போயிருக்கிறேன். பெரியவர்களோடு புல்லில் நடக்கும்போது விளிம்பைப் பார்த்து நடங்கள்.

நீங்கள் வருவது மே கடைசி என்பதால் நிறம் நிறையக் கிடைக்கும். ரோடோடென்ட்ரானும் அசேலியாவும் பூத்துத் தள்ளுகிற நேரம். நீலகிரியில் சோலைக்காட்டு ஓரங்களில் ரத்தச் சிவப்பாகப் பூக்கிற மரத்தை அப்பா பார்த்திருந்தால் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார், ஒரே பேரினம்தான். ஆனால் தோட்டத்தைப் போட்ட ஹோர் இந்த நிறங்களைப் பார்த்தவரில்லை. அவருக்குத் தோட்டம் என்பது பச்சையில் தீட்டிய படம். கரும்பச்சையை ஓரிடத்தில் மொத்தமாகக் குவி, வெளிர்பச்சையை அதன் பக்கத்தில் வை, கரும்பச்சைக்குள் அங்கங்கே வெளிர்பச்சையைத் தெளி என்று அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. ரோடோடென்ட்ரானைக் கொண்டுவந்தவர் பேரன் ரிச்சர்டு கோல்ட் ஹோர், 1791-இலிருந்து. இன்றைய பளபளக்கும் கலப்பினங்கள் 20-ஆம் நூற்றாண்டில் வந்தவை. அதனால் வரலாற்றுப் பிரியர்கள் மே மாதத்தில் முகத்தைச் சுளிப்பார்கள். நான் சுளிப்பது வேறு காரணத்துக்கு. பேரன் கொண்டுவந்த ஊதா நிற வகை எங்கள் தொழிலில் பெரிய தலைவலி. விதையாலும், தரையில் படிந்து வேர்விடும் கிளைகளாலும் பரவி, கீழே ஒரு புல்லைக்கூட விடாது, மரங்களைக் கொல்லும் ஒரு நோய்க்கும் வீடு கொடுக்கும். என் வேலை நாட்களில் பாதி அதை வெட்டி எடுப்பதில்தான் போகிறது. பூத்திருக்கும்போது அழகுதான், மறுக்கவில்லை.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று அப்பா கேட்கக்கூடும். வங்கிதான். 1720-இல் சவுத் சீ கம்பெனிப் பங்குகள் ஊதிப் பெருகி வெடித்தபோது நாடே நஷ்டப்பட்டது. ஹோர் வங்கி சரியான நேரத்தில் விற்று நல்ல லாபம் பார்த்தது. அந்தக் கம்பெனி அடிமைகளை ஏற்றி விற்ற கம்பெனி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊரோடு நேரடித் தொடர்புள்ள தோட்டம்தான் வேண்டுமென்றால் லண்டனுக்குப் பக்கத்திலேயே ஈஷரில் கிளேர்மான்ட் இருக்கிறது. 1751-இல் ஆற்காட்டு முற்றுகையில் பேர் எடுத்த ராபர்ட் கிளைவ் பிற்பாடு விலைக்கு வாங்கிய இடம். இருந்த மாளிகையை இடித்துவிட்டு பிரௌனை வைத்துப் புதிது கட்டினார்; 1774-இல் இறந்துபோனார். ஏரியும், புல்லால் செதுக்கிய படிக்கட்டு அரங்கமும் அவருக்கு முந்திய காலத்தவை. சின்ன இடம், இரண்டு மணி நேரத்தில் முடியும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு மணி நேரம் போதாது. ஏரியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் உட்கார்ந்து உட்கார்ந்து போகிற இடம், மூன்று மணி நேரம் வையுங்கள். லண்டனிலிருந்து காரில் ஏறக்குறைய 180 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். பலரும் ஸ்டோன்ஹெஞ்ச்சை முதலில் முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் இங்கே வருவார்கள். நான் திருப்பிப் போடச் சொல்வேன். பாந்தியன் மேற்குக் கரையில் கிழக்கு பார்த்து நிற்கிறது. பாலத்துப் பக்கமிருந்து பார்க்க காலை வெயில்தான் அதன் முகத்தில் அடிக்கும். மதியத்துக்கு மேல் பாந்தியன் பக்கமிருந்து பார்க்கும்போது பாலமும் கிராமமும் ஒளிரும். காலையில் நேராக ஸ்டவர்ஹெட், திரும்புகிற வழியில் ஸ்டோன்ஹெஞ்ச். மே கடைசியில் ஒன்பது மணிக்குத்தான் இருட்டத் தொடங்கும் என்பதால் வெளிச்சத்துக்குக் கவலையில்லை. ஸ்டோன்ஹெஞ்ச் கடைசி நுழைவு நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் என்றால் வாட்டர்லூவிலிருந்து கில்லிங்கம், அங்கிருந்து டாக்சியை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது டார்செட் கில்லிங்கம் என்று சொல்லுங்கள். கென்ட் பக்கம் அதே எழுத்தில் இன்னொரு ஊர் இருக்கிறது, அதை ஜில்லிங்கம் என்பார்கள், நேர் எதிர்த்திசை.

கட்டணமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும், தோட்டத்தை நடத்தும் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் பாருங்கள். இரண்டு மூன்று இடம் போகிற எண்ணம் இருந்தால் வெளிநாட்டினருக்குச் சுற்றுலா பாஸ் ஏதும் இருக்கிறதா என்றும் அங்கேயே பாருங்கள். மாளிகைக்குள் போக நேரமில்லையென்றால் வருத்தப்படாதீர்கள். போனால் நூலக அறையை மட்டும் விடாதீர்கள். ஆல்ஃபிரட் மன்னர் கோபுரம் என்று 49 மீட்டர் உயரத்தில் முக்கோணச் செங்கல் கோபுரம் ஒன்று சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, 205 படி, பெற்றோரோடு வேண்டாம். இந்தச் சொத்து ஏன் டிரஸ்ட்டுக்கு வந்தது என்பதற்கான விடையை மாளிகையில் மாட்டியிருக்கும் குடும்பப் படங்களில் பார்க்கலாம். கடைசியாக இதை வைத்திருந்த ஹோர் தம்பதியின் ஒரே மகன் ஹாரி 1917-இல் போரில் பட்ட காயத்தால் இறந்தான். அவர்கள் 1946-இல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் மார்ச்சில் ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள்.

கடைசியாக, நடை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஏரிக்கு இறக்கம், அதாவது களைத்துத் திரும்பும்போது ஏற்றம். குகைக்குள் தரை ஈரமாக, சமமில்லாமல் இருக்கும்; பிடிப்புள்ள ஷூ வேண்டும், செருப்பு ஆகாது. சுற்றின் முடிவில் அப்பல்லோ கோயில் ஒரு செங்குத்தான மேட்டில் இருக்கிறது. மேலே போனால் மொத்தத் தோட்டமும் தெரியும். முட்டி வலிக்கிறவர்கள் கீழே ஏரியோரப் பாதையிலேயே பாலத்துக்குப் போய்விடலாம். என் அம்மாவை நான் கூட்டிப்போனபோது ஒரு சிக்கல் வந்தது. "கோயில் கோயில் என்கிறாய், அப்பிரதட்சணமாகக் கூட்டிப்போகிறாயே" என்று பாலத்தருகே நின்றுவிட்டார். ஹோர் வைத்த வரிசை, காட்சி மறைந்து தெரிகிற நுட்பம் எல்லாம் விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. வலமாகவே போனோம். எல்லாம் தலைகீழ்: மேடு முதலில், பாந்தியன் அப்புறம், குகை கடைசி. குகைக்குள் அந்த ஊற்றைப் பார்த்ததும், இதுதான் ஆறு பிறக்கிற இடமா என்று கேட்டு, குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளித் தன் தலையில் தெளித்து, என் தலையிலும் தெளித்தார். உங்கள் அம்மாவும் அப்படிச் சொன்னால் வாதாடாமல் வலமாகவே கூட்டிப்போங்கள், மேட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.